எட்டு எண்ணும் கை

ஃபேன் ரெகுலேட்டரின் குமிழ் இன்னும் கிடைத்தபாடில்லை.

போன வாரம் மாமியாருக்கும் மருமகளுக்கும் மூண்ட சண்டையில், "ரெண்டு பேருக்கும் வேண்டாம், போங்க!" என்று அதைப் பிடுங்கி ஒளித்துவைத்தவன் மகன்காரன். எங்கே ஒளித்தோம் என்பது அவனுக்கே மறந்துபோய்விட்டது. ஆக, கூடத்து ஃபேன் ஆறு நாளாக மூன்றிலேயே சுற்றுகிறது. மாமியாருக்கு அது காற்றே இல்லை. மருமகளுக்கு அது புயல். ஒருத்தர் ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைகிறார். இன்னொருத்தி கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை மாட்டிக்கொண்டு சாப்பிட உட்காருகிறாள்.

மருமகளுக்குக் கம்பளி என்றே பெயராகிவிட்டது. வைத்தது மாமியார்தான்.

மாமியாருக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லையா என்ன? தெரு முழுக்க அவரை எட்டம்மா என்றுதான் கூப்பிடும். அவர் போடும் ரொட்டிக்காக அல்ல, அந்த ரொட்டிக்கு முன்னால் அவர் செய்யும் காரியத்துக்காக.

குடும்பத்து ரொட்டிக்கடையின் பின்கட்டில் ஆள் உயரத்துக்கு ஒரு செங்கல் அடுப்பு இருக்கிறது. உள்ளே விறகை எரித்து, தணலை வாரி வெளியே தள்ளி, ஈரச்சாக்கால் தரையைத் துடைத்து, கதவைச் சாத்தி, சூடு எல்லாப் பக்கமும் பரவ விடவேண்டும். பிறகு எட்டம்மா வருவார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டுவார். வலது கையை அடுப்பு வாய்க்குள் நீட்டுவார். ஒன்று, இரண்டு, மூன்று... ஐந்தில் கை பொறுக்க முடியாமல் வெளியே வந்தால் இன்னும் ஆறவேண்டும். எட்டு வரை தாங்கி, ஒன்பதில் முடியாமல் போனால், "போடு!"

அவ்வளவுதான். தெர்மாமீட்டர் இல்லை, முள் இல்லை. கதவில் முதலில் ஒன்று இருந்தது. முதல் வருஷமே அது வெடித்துப்போனது. மாற்றுக் கிடைக்காமல் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அதுவரை கடையில் ரசீது எழுதிக்கொண்டிருந்த இந்த அம்மாள் எழுந்து வந்து கையை உள்ளே விட்டார். கரிந்த ரொட்டியும் வேகாத ரொட்டியுமாக மூன்று மாதம் போனது. நான்காவது மாதத்திலிருந்து ஒரு ரொட்டி தப்பவில்லை. இருபத்தாறு வருஷம். சொல்லிப் பாருங்கள், எந்தக் கருவி இத்தனை வருஷம் பழுதில்லாமல் ஓடும்?

அந்தக் கைக்குத்தான் இன்றைக்குச் சோதனை வந்தது.

*

காலை ஏழு மணிக்கு வேன் திரும்பி வந்தது. ரொட்டியை இறக்கிவிட்டுக் காலித் தட்டுகளோடு வரவேண்டிய வேன், போனபடியே நிறைந்து வந்தது.

"நர்ஸ் விடுதில வாங்க மாட்டேன்னுட்டாங்க." மகன் வண்டியிலிருந்து இறங்காமலேயே சொன்னான். "நடுவுல கூழா இருக்காம். வார்டன் கத்தியால வெட்டிக் காட்டினாங்க. கத்தியில மாவு ஒட்டுது. நாளைக்குக் காலையிலயும் இப்படித்தான்னா வேற கடையைப் பார்த்துக்குவாங்களாம்."

கல்லாவில் உட்கார்ந்திருந்த மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் ஏதோ முடிவு எடுத்துவிட்டார் என்று அர்த்தம்.

"மாவை மாத்தியாச்சு. ஈஸ்ட்டை மாத்தியாச்சு. விறகுக்காரனை மாத்தியாச்சு."

"என்னைத்தான் இன்னும் மாத்தலை" என்றார் மாவு பிசையும் அண்ணன். இரண்டு மாதமாக எல்லாப் பழியையும் சுமந்து சுமந்து அவருக்கு மூக்கின்மேல் கோபம். "சொல்லிடுங்க, நான் கிளம்பறேன்."

"அட, உன்னை யாருப்பா சொன்னது? அடுப்பைத்தான் சொல்றேன். மேல் வளைவுல எங்கயோ விரிசல். முன்னெல்லாம் கதவைச் சாத்தி இருபது நிமிஷத்துல தயாராகும். இப்ப முக்கால் மணி நேரம் ஆகுது. அப்புறமும் ரொட்டி வேகலை. மேஸ்திரிக்குப் போன் பண்ணிட்டேன். நாலு மணிக்கு வர்றான். இடிச்சுட்டுப் புதுசா கட்டிடுவோம்."

எட்டம்மா ஈரத்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பின் செங்கல் சுவரை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். காய்ச்சல் கண்ட குழந்தையின் முதுகைத் தடவுவது போல இருந்தது, பார்த்துக்கொண்டு நின்ற கம்பளிக்கு.

கம்பளியின் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் மூன்று எண்கள். அந்த மூன்று எண்களையும் அந்த நிமிஷமே எடுத்து நீட்டியிருக்கலாம். எடுக்காமலேயே கிடங்குக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

*

அந்த எண்கள் எப்படி வந்தன என்று சொல்லவேண்டும் அல்லவா?

கம்பளிக்கு வேலை காய்கறிக் குளிர்க்கிடங்கில். ஒவ்வொரு அறையாகப் போய் வெப்பநிலை எவ்வளவு என்று குறித்துவைப்பது அவள் உத்தியோகம். அதற்கென்று கையில் ஒரு டெம்பரேச்சர் கன். எதன் மேல் குறிவைத்து அழுத்தினாலும் அதன் சூட்டையோ குளிரையோ எண்ணாகக் காட்டும். கேரட் அறை ஒரு டிகிரி, ஆப்பிள் அறை இரண்டு, உருளைக்கிழங்கு அறை ஏழு. இப்படி நாள் முழுக்க எண்ணோடு பழகுகிறவளுக்கு, ஒரு காரணமும் இல்லாமல் எதுவும் மாறாது என்பது ரத்தத்தில் ஊறிப்போனது.

திங்கள் கிழமை, வீட்டுக்கு வரும்போது அந்தக் கன்னையும் பையில் போட்டுக்கொண்டு வந்தாள். எட்டம்மா "போடு!" என்று சொன்ன அதே நொடி, அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து அடுப்புத் தரையைக் குறிபார்த்து அழுத்தினாள். நூற்று எழுபத்திரண்டு. செவ்வாய் நூற்று அறுபத்தெட்டு. புதன் நூற்று எழுபத்தைந்து.

கிடங்குச் சூப்பர்வைசர் முன்பு பெரிய பிரட் ஃபாக்டரி ஒன்றில் வேலை பார்த்தவர். அவரிடம் பேச்சுவாக்கில் கேட்டாள்.

"பிரட்டுக்கா? இருநூத்திமுப்பது இருக்கணும்மா. நூத்தி எழுபதுல வெச்சா அது வேகாது, தூங்கும்."

ஆக, அடுப்பில் சூடு இல்லாமல் இல்லை. இருநூற்று முப்பதில் ரொட்டிக்குச் சரியாக இருக்கும் அடுப்பை, எட்டம்மாவின் கை பொறுக்க முடியாத சூடு என்கிறது. ஆறட்டும் ஆறட்டும் என்று காத்திருந்து, ஆறிப்போன பிறகு போடு என்கிறது.

அப்படியானால் மாறியது அடுப்பு இல்லை. கை.

இதைப் போய் எந்த வாயால் சொல்வது? ஃபேன் ஐந்தில் இருக்கட்டும் என்று சொன்னால் சண்டை போடலாம். இது வேறு. அந்தக் கையை நம்பித்தான் வீடே நின்றது. கல்யாணமாகி வந்த புதிதில், கைநிறைய வேலை வைத்துக்கொண்டும் இவளுக்குத் தனியாக ஒரு பன் சுட்டு, "கிடங்குக்குக் கொண்டு போ, சூடா சாப்பிடு" என்று துணியில் சுற்றிக் கொடுத்த கையும் அதுதான்.

இன்றைக்குப் பதினோரு மணி வரை கேரட் அறையில் நின்று யோசித்தாள். பிறகு அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கன்னோடு கிளம்பினாள். சண்டை வந்தால் வரட்டும். நல்ல அடுப்பை இடிக்க விடக்கூடாது.

*

"என்னடி, இந்நேரத்துக்கு? கிடங்குல கரண்ட் போயிடுச்சா?"

எட்டம்மா மதிய ரொட்டிக்கு அடுப்பு மூட்டித் தணலை வாரிக்கொண்டிருந்தார். முகம் செக்கச் செவேல் என்று இருந்தது. முன்பு இறுக்கமாக இருந்த சட்டை இப்போது தோளில் தொளதொளவென்று தொங்கியது.

"அத்தை, ஒண்ணு சொல்லணும். கோபப்படக்கூடாது."

"கோபப்படக்கூடாதுன்னு சொல்லிட்டு ஆரம்பிச்சாலே கோபம் வரும். சொல்லு."

சீட்டை எடுத்து நீட்டினாள். சொல்லவேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள். மாவு அண்ணன் பிசைந்த கை பிசைந்தபடி நின்றுவிட்டார். மாமனார் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார்.

"மூணு நாளா எனக்குப் பின்னாடி நின்னு துப்பாக்கி பிடிச்சியா?"

"டெம்பரேச்சர் கன், அத்தை."

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான்! இருபத்தாறு வருஷமா பொய் சொல்லாத கை இது. நேத்து கடையில வாங்கின பொம்மை பொய்யே சொல்லாதாக்கும்!"

"பொய் சொல்லும், அத்தை. அதனாலதான் மூணு நாள் பார்த்தேன்."

இந்தப் பதில் எட்டம்மாவை ஒரு நொடி நிறுத்தியது. மூன்று மாதம் ரொட்டியைக் கரித்துக் கற்றுக்கொண்டவருக்கு, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பேசுகிறவளுக்கும் மூன்று நாள் பார்த்துவிட்டுப் பேசுகிறவளுக்கும் வித்தியாசம் தெரியாதா?

"ஏம்மா, விடு" என்றார் மாமனார். "அந்த வயசுல பொம்பளைங்களுக்கு உடம்பு சுடத்தான் செய்யும்..."

"அந்த வயசு எனக்கு முடிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. உங்களுக்கு இப்பதான் தெரியுமா?"

மாவு அண்ணன் குனிந்து மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் இங்கே இருந்தது.

எட்டம்மா கதவைச் சாத்தினார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பளியைப் பார்த்தார்.

"சரி. இப்ப பார்த்துடலாம். நீ குறிபாரு. எண்ணை வாய்விட்டுச் சொல்லாதே, எழுது. உன் கணக்குல இருநூத்திமுப்பது வந்ததும் ஒரு சின்ன ரொட்டி உள்ள போகட்டும். அப்புறம் என் கைக்கு எட்டு வந்ததும் இன்னொண்ணு போகட்டும். ரெண்டையும் வெட்டிப் பார்ப்போம். என் கை தப்புன்னா நானே சொல்றேன். உன் துப்பாக்கி தப்புன்னா மேஸ்திரி வர்றப்ப அதையும் சேர்த்து இடிக்கச் சொல்றேன்."

கம்பளிக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது. தன்னைத் தானே சோதித்துப் பார்க்க, எத்தனை பேர் இப்படிச் சட்டைக் கையைச் சுருட்டுவார்கள்?

இருபத்திரண்டாவது நிமிஷம் கம்பளி தலையசைத்தாள். முதல் ரொட்டி போய், வெந்து வெளியே வந்தது. எட்டம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை நீட்டினார். நாலில் எடுத்தார். கொஞ்ச நேரம் விட்டு நீட்டினார். ஐந்து. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு. ஆறு. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டுச் சொட்டாக விழுந்தது. கடைசியில் எட்டு.

"போடு!"

இரண்டாவது ரொட்டியின் மேல் கத்தியால் மூன்று கீறல் போடவேண்டும். எட்டம்மாவின் கீறல் ஸ்கேல் வைத்துப் போட்டது போல இருக்கும் என்று ஊரே சொல்லும். இன்றைக்குக் கீறல் புழு நெளிந்தது போல இருந்தது. கம்பளி அதைப் பார்த்தாள். தான் பார்த்ததை எட்டம்மா பார்த்ததையும் பார்த்தாள்.

மூன்றரை மணிக்கு இரண்டு ரொட்டியும் மேஜைமேல் இருந்தன. எட்டம்மாதான் வெட்டினார்.

முதல் ரொட்டி பஞ்சு மாதிரி பிளந்தது. மேலே தேன் நிறம், உள்ளே வெள்ளை. வாசனை கடை வாசல் வரைக்கும் போயிருக்கும். இரண்டாவதில் கத்தி பாதியில் நின்றது. இழுத்தபோது கூழ் ஒட்டிக்கொண்டு வந்தது.

எட்டம்மா கத்தியைத் துடைத்தார். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். துடைக்கத் துடைக்கக் கை நடுங்கியது.

"கம்பளி."

"அத்தை?"

"எத்தனை நாளா என் கை நடுங்குது?"

"கீறல் கோணலாகி ரெண்டு மாசம் இருக்கும், அத்தை. நல்லாத்தான் சாப்பிடறீங்க, ஆனா இளைச்சிட்டீங்க. ராத்திரி தூங்கறதே இல்ல. மாடி ஏறினா நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு நீங்களே சொன்னீங்க. எனக்கு ஒவ்வொண்ணும் தனித்தனியாத்தான் தெரிஞ்சது. அடுப்புக்கு முன்னாடி நிக்கிறவங்களுக்கு வேர்க்காம என்ன பண்ணும்னு நானும் இருந்துட்டேன்."

"நானும்தான் இருந்துட்டேன்" என்றார் எட்டம்மா. "சுடுற இடத்துல நிக்கறோம், சுடுது. இதுல என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

*

சரியாக நாலு மணிக்கு மேஸ்திரி சம்மட்டியோடு வந்து நின்றார்.

"எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்? மேல் வளைவா, வாசலா?"

மாமனார் வாயைத் திறப்பதற்குள் எட்டம்மா முன்னால் வந்தார். கடையில் நாலு வாடிக்கைக்காரர்கள், வேனிலிருந்து இறங்கிய மகன், மாவு அண்ணன், எல்லோரும் இருந்தார்கள். ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். செய்யவில்லை.

"மேஸ்திரி, உங்களுக்கு வீண் அலைச்சல். மன்னிச்சுக்கங்க. அடுப்புல ஒரு குறையும் இல்ல. குறை என் கையில."

"அம்மா!" என்றான் மகன்.

"என்ன அம்மா? உள்ளதைச் சொல்றேன்." மாவு அண்ணன் பக்கம் திரும்பினார். "ரெண்டு மாசமா உன்னைப் போட்டு வறுத்துட்டேன். உன் மாவு தங்கம். நான் சொன்னதை எல்லாம் மறந்துடு."

மாவு அண்ணனுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "அதெல்லாம் ஒண்ணுமில்லைக்கா" என்று முணுமுணுத்துவிட்டு, மூக்கில் மாவு ஒட்டியதுகூடத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மேஸ்திரி சம்மட்டியைக் கீழே வைத்தார். "இந்த அடுப்பைக் கட்டினவர் கை சாதாரணமில்லம்மா. அதை இடிக்கச் சொன்னப்பவே எனக்கு மனசு வரலை. ஒரு டீ மட்டும் குடிச்சிட்டுப் போறேன்."

கம்பளி நிமிர்ந்து மாமியாரைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்துப் பெருமையை நாலு பேர் முன்னால் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சுற்று வளர்ந்துதான் நின்றார் அந்த அம்மாள்.

*

டாக்டரம்மாவின் கிளினிக் இரண்டு தெரு தள்ளி. ஐந்து மணிக்குப் போய் உட்கார்ந்தார்கள், மாமியாரும் மருமகளும் மட்டும். அங்கேயும் ஃபேன் ஓடியது. ஒருத்தர் அதன் அடியில் உட்கார, இன்னொருத்தி சுவரோரமாக ஒதுங்கினாள். டாக்டரம்மா இதைக் கவனித்துக்கொண்டேதான் கூப்பிட்டார்.

நாடி பிடித்தார். நூற்றுப் பதினெட்டு. இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். தாள் வண்ணத்துப்பூச்சி போலப் படபடத்தது. தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்லிக் கழுத்தையே பார்த்தார்.

"தைராய்டா இருக்கும்னு தோணுதும்மா. கழுத்துல இருக்கிற சின்னச் சுரப்பி. அது அளவுக்கு மேல வேலை செஞ்சா உடம்பு எந்நேரமும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். சூடு தாங்காது, எடை குறையும், கை நடுங்கும், தூக்கம் வராது, யார்மேலயாவது எரிஞ்சு விழணும்னு தோணும்."

"அது எனக்கு முன்னாடியே தோணும்" என்றார் எட்டம்மா.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "ரத்தம் எடுத்துப் பார்த்துத்தான் உறுதியா சொல்லமுடியும். சூடு தாங்காததுக்கு வேற காரணமும் உண்டு. மாதவிடாய் நிக்கிற காலம், மனப் படபடப்பு, சில மாத்திரைகள், அளவுக்கு மேல காபி. அபூர்வமா நரம்புக் கோளாறு. ஆனா இதுன்னு தெரிஞ்சா நல்ல மருந்து இருக்கு. பயப்படாதீங்க. நெஞ்சுத் துடிப்பு அடங்கற வரைக்கும் அடுப்பு முன்னாடி மட்டும் நிக்கக்கூடாது."

"எத்தனை நாள்?"

"சில வாரம். சில பேருக்குக் கூடவும் ஆகலாம்."

எட்டம்மா கட்டை விரலால் மருமகளைக் காட்டினார்.

"இவளையும் பாருங்க. இந்த வேகற வெயில்ல ரெண்டு சட்டை. அதுக்கு என்ன பேரு?"

"அத்தை, இன்னிக்கு உங்களுக்காகத்தானே வந்தோம்..."

"குளிர் தாங்கலைன்னாலும் காரணம் நிறைய" என்றார் டாக்டரம்மா. "அதே தைராய்டு மந்தமா இருக்கலாம். ரத்தசோகையா இருக்கலாம். பி பன்னிரண்டு குறைவா இருக்கலாம். சாப்பாடு பத்தாம, தூக்கம் பத்தாமலும் இருக்கலாம். என்ன வேலை பார்க்கறீங்க?"

"குளிர்க்கிடங்குல."

"ஓ. அப்ப குளிரத்தான் செய்யும்" என்று சொல்ல வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "எதுக்கும் கேக்கறேன். களைப்பு உண்டா? விரல் நுனி மரத்துப்போகுதா? எறும்பு ஊர்ற மாதிரி?"

ஒரு நொடிதான். கம்பளிக்குப் பட்டன் மாட்ட வராமல் காலையில் கண்ணாடி முன்னால் மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்தது. பேனா நழுவிப் பேனா நழுவி ரெஜிஸ்டர் எழுத இப்போதெல்லாம் இரண்டு மடங்கு நேரம் ஆவதும். கிடங்கு வேலைதானே, விரல் விறைக்கத்தான் செய்யும். இன்றைய நாள் அத்தையுடையது. அதில் போய்த் தன் விரலை நீட்டுவானேன்?

"அதெல்லாம் இல்ல, டாக்டர். குளிர் மட்டும்தான்."

டாக்டரம்மா அவளைக் கூர்ந்து பார்த்தார். "எட்டரை வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்று மட்டும் சொன்னார். எட்டம்மாவுக்கு ரத்தம் எடுத்து அனுப்பினார்.

*

வீடு திரும்பியதும் அடுத்த கேள்வி தயாராக நின்றது. விடுதிக்குக் காலையில் நூற்றிருபது ரொட்டி போகவேண்டும். அடுப்பு மூட்டியாகிவிட்டது. எட்டம்மா அதன் முன்னால் நிற்கக்கூடாது. யார் நிற்பது?

மாமனார் கண்ணாடியைக் கழற்றினார். "நான்..."

"நீங்க டீ கிளாஸையே துண்டு பிடிச்சுத்தான் தூக்குவீங்க" என்றார் எட்டம்மா. ஒரு ஸ்டூலை இழுத்து, அடுப்பிலிருந்து பத்தடி தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். "கம்பளி, வா இங்க."

"நானா? என்கிட்டதான் கன் இருக்கே, அத்தை. எண் வந்ததும் சொல்லிடறேன்."

"கிடங்குக் கன் கிடங்குக்குத் திரும்பிப் போகும். உன் கை இங்கயே இருக்கும். ஒவ்வொரு கைக்கும் ஒரு கணக்கு. என் கணக்கு எட்டு. உன் கணக்கு ஆறோ ஏழோ, எனக்குத் தெரியாது. இப்ப துப்பாக்கி இருநூத்திமுப்பது காட்டறப்ப நீ கையை விடு. எத்தனையில தாங்கமுடியலையோ, அதுதான் இனிமே உன் எண். நாலு நாள் சேர்ந்தாப்புல பார்த்துட்டா மறக்காது."

எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார் பாருங்கள். மத்தியானம் வரை பொம்மை என்று சொன்ன கருவியைச் சாயங்காலமே வாத்தியாராக்கிவிட்டார். கம்பளிக்கு மாமியாரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. அதற்கெல்லாம் அந்த வீட்டில் வழக்கமில்லை. மேல்சட்டையைக் கழற்றி, உள்சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள். கூச்சமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

மகன் கன்னைப் பிடித்தான். "இருநூத்திமுப்பத்தொண்ணு... இருநூத்திமுப்பது. விடு!"

கை உள்ளே போனது. எட்டம்மா ஸ்டூலிலிருந்தபடி எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

வாரி வெளியே தள்ளிய தணலின் வெளிச்சம் அடுப்பின் வாயில் ஆரஞ்சுப் பழம் போல இருந்தது. கம்பளிக்கு இதமாக இருந்தது. பல மாதத்துக்குப் பிறகு குளிராத ஒரு இடம்.

"அஞ்சு. ஆறு. ஏழு."

"சுடலையா?" என்றான் மகன்.

"பரவாயில்லையே" என்றாள்.

"எட்டு."

மாவு அண்ணன் கை தட்டினார். "அடேங்கப்பா! அக்காவோட எட்டைத் தொட்டுட்டாங்க!"

"ஒன்பது."

"மாமியாரையே மிஞ்சிட்டாங்கப்பா!" மாமனார் வாயெல்லாம் பல்லாக நின்றார். "இரும்புக் கை! இந்த வீட்டுக்குன்னே செஞ்ச கை!"

கம்பளி திரும்பி மாமியாரைப் பார்த்தாள், பாராட்டை எதிர்பார்த்து. எட்டம்மா சிரிக்கவில்லை. அவர் பார்வை மருமகளின் முகத்தில் இல்லை. அடுப்பு வாயில் சிவந்துகொண்டிருந்த விரல்களில் இருந்தது.

பத்து என்று அவர் சொல்லவில்லை. ஸ்டூல் பின்னால் சாய்ந்து விழுந்தது. பத்தடியை எப்படிக் கடந்தார் என்று யாருக்கும் தெரியாது. கம்பளியின் முழங்கையைப் பிடித்து வெடுக்கென்று வெளியே இழுத்து, மாவுக் கை கழுவும் தண்ணீர்த் தொட்டிக்குள் அவள் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணுதான் தாங்குதே!" என்றார் மாமனார்.

"தாங்கலைங்க. தெரியலை."

எட்டம்மா மருமகளின் கையைத் தண்ணீரிலிருந்து மெல்லத் தூக்கினார். இரண்டு விரல்களின் நுனியில் தோல் பளபளவென்று உப்பத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு விரலாக நகத்தால் கிள்ளினார்.

"இது வலிக்குதா?"

"..."

"இது?"

கம்பளி தன் கையையே யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரியவில்லை.

"டாக்டர் கேட்டப்ப ஏண்டி இல்லன்னு சொன்னே?"

"இன்னிக்கு உங்க நாள், அத்தை..."

"நாளாம் நாள்!" எட்டம்மாவின் குரல் உடைந்தது. அடுத்த நொடி அதையும் விழுங்கிவிட்டார். ஈரத்துண்டைக் கழுத்திலிருந்து எடுத்து மருமகளின் கையைச் சுற்றினார். சுற்றும்போது அவர் கை நடுங்கியது. சுற்று மட்டும் நடுங்கவில்லை.

"ரொட்டியை உள்ள தள்ளுங்க, சூடு சரியா இருக்கு. நாப்பது நிமிஷத்துல எடுங்க" என்று மாவு அண்ணனிடம் சொன்னார். மகனைப் பார்த்தார். "வேன் சாவியை எடு."

"மணி ஏழே முக்கால்மா."

"எட்டரை வரைக்கும் இருப்பேன்னு அவங்க சும்மா சொல்லலைடா. நட."